புளி போட்டுத் துலக்கிய கெராங்

சிவகாமிக்குக் கெராங் சிப்பி சாப்பிடப் பிடிக்காது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சீனர் கெராங் போட்டுக் குவே தியாவ் நூடுல்ஸ் வறுப்பார். அவரிடம் போய், தனக்குக் கெராங் போடாமல் ஒரு பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, வாளியில் கிடக்கும் வெற்று ஓடுகளைத் தரமுடியுமா என்று கேட்பாள். முதல்முறை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இந்தப் பெண் எங்கேயோ கோழி வளர்க்கிறாள் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, அவள் கேட்காமலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். அவள் திருத்தவில்லை. திருத்துவதென்றால் விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பை அவள் போதுமான அளவு பார்த்திருந்தாள்.

அவள் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காலையில் பேருந்து பிடித்துக் கிள்ளான், மாலையில் பேருந்து பிடித்து பிரிக்பீல்ட்ஸ். அப்பா ரயில்வேயில் பிட்டராக இருந்து காலமான பிறகு, வீட்டில் அவளும் அம்மா வள்ளியம்மாவும்தான். இந்த ஓட்டத்துக்கு நடுவில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவியாகப் பதிந்து முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, சிலாங்கூர் கடற்கரையில் வாழும் கெராங் குடும்பத்துச் சிப்பிகள். கோயிலில் யாராவது வள்ளியம்மாவிடம் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், அவர் “என்னமோ சயின்ஸு லா” என்று சொல்லிவிட்டுக் குங்குமத்தட்டின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மற்றவர்களுக்குக் கெராங் என்றால் சேற்று நாற்றமும் அவித்தால் வடியும் சிவப்புத் தண்ணீரும்தான். அந்தச் சிவப்புத்தான் சிவகாமியை முதலில் இழுத்தது. பெரும்பாலான சிப்பிகளுக்கு ரத்தம் நிறமற்றது. கெராங்குக்கோ மனிதனுக்கு இருப்பதுபோலச் சிவப்பு ரத்தம். காற்றோட்டம் குறைந்த சேற்றில் வாழ அந்தச் சிவப்பு உதவுகிறது என்று படித்திருந்தாள். நீரை உறிஞ்ச மற்ற சிப்பிகளுக்கு இருக்கும் நீண்ட குழாய் இதற்குக் கிடையாது. அதனால் ஆழமாகப் புதைந்துகொள்ள முடியாது. சேற்றின் மேல்மட்டத்திலேயே வாயைப் பிளந்து கிடக்கும். இரண்டு ஓடுகளும் சேரும் கீலைப் பார்த்தால், சீப்பை ஒடித்து வைத்ததுபோல் நேர்கோட்டில் சின்னச்சின்னப் பற்கள். அந்தப் பற்கள்தான் குடும்பத்தின் அடையாளம். குடும்பத்துக்குள் யார் யார் என்று பிரிப்பதற்கு ஓட்டின் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். விசிறிபோல் இறங்கும் மேட்டு வரிகள், அந்த வரிகளின்மேல் மணி கோத்ததுபோல் புடைப்புகள் உண்டா, ஓட்டை மூடிய பழுப்புத் தோலில் முடி உண்டா. கடைகளில் விற்கும் ரத்தக் கெராங்குக்கு வரி குறைவு, மணிகள் தடிப்பானவை, முடி இல்லை. முடிக்கெராங்குக்கு வரி அதிகம், மணி இல்லை, உடம்பெல்லாம் வெல்வெட் துணிபோல் முடி.

இவ்வளவுதான் என்றால் சிக்கலில்லை. ஆனால் ரத்தக் கெராங்குக்குப் பழைய நூல்களில் ஆர்க்கா என்று பெயர். பிறகு வந்தவர்கள் அனடாரா என்றார்கள். இன்னொருவர் அதையும் பிரித்து டெகிலார்க்கா என்று தனிப் பேரினமாக்கினார். சிவகாமி ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்துத் தட்டச்சுக்குக் கொடுத்தபோதெல்லாம், அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் அடைக்கப்பன் இன்னொரு கட்டுரையை நீட்டி இதைப் பார்த்தாயா என்பார். அவர் கெட்டவர் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எந்த நேரமும் வேறெங்கோ கிளம்பிக்கொண்டிருப்பவர். அவரைச் சந்திப்பது என்றால் அவரோடு சேர்ந்து கார் நிறுத்துமிடம்வரை நடப்பது என்று பொருள்.

அவள் தலையெழுத்தை மாற்றியவர் பக்கிரிசாமி. வள்ளியம்மாவின் தம்பி, சிவகாமிக்குத் தாய்மாமன். கிள்ளானில் படகுத்துறையிலிருந்து கெராங் மூட்டைகளை ஏற்றிக் கோலாலம்பூர் பாசாருக்குக் கொண்டு வரும் லோரியை ஓட்டினார். கடலோரச் சேற்றில் கெராங் வளர்க்கும் பாத்தியிலிருந்து வாரும்போது வேண்டாதவற்றைப் பொறுக்கி ஒதுக்குவார்கள். அந்த ஒதுக்கலில் ஒரு பிடியை அவர் ஒருநாள் அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்து, “டீச்சர், ஒங்க சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்திருக்கேன்” என்று மேசையில் கொட்டினார். அவற்றில் சில ரத்தக் கெராங்காகவும் இல்லை, முடிக்கெராங்காகவும் இல்லை. வரிகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவில். மணிகளே இல்லை. முடி இருந்தது, ஆனால் பள்ளங்களில் மட்டும், தையல் போட்டதுபோல் ஒற்றை வரிசையாக.

சிவகாமி அன்று சாப்பிடவில்லை.

டாக்டர் அடைக்கப்பன் கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார். வயதான ரத்தக் கெராங், மணலில் உருண்டு மணிகள் தேய்ந்துவிட்டன, வரிகளின் எண்ணிக்கை கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், முடி ஏதோ பாசியாக இருக்கலாம் என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பேருந்தில் வரும்போது அவர் சொன்னதிலிருந்தே வழி கிடைத்தது. தேய்வதற்கு வயது வேண்டும். குஞ்சுகளில் தேய்மானம் இருக்காது. அரிசி அளவுக் குஞ்சு முதல் முழு வளர்ச்சி வரை, ஒரே இடத்தில் எடுத்த ஓடுகளை வரிசையாக வைத்து, பிறந்ததிலிருந்தே இவற்றுக்கு மணி இல்லை, முடி உண்டு என்று காட்டிவிட்டால் அது தனி இனம். பக்கத்திலேயே ரத்தக் கெராங்கின் குஞ்சுகளையும் அதேபோல் வரிசையாக வைத்தால் வித்தியாசம் முகத்தில் அறையும்.

அந்த இரண்டு வரிசைகளைச் சேர்க்க அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. கடல்நீர் நன்றாக வற்றும் நாளில் பள்ளி இருக்கும். பள்ளி இல்லாத நாளில் நீர் வற்றாது. தலைமையாசிரியர் அவளுடைய விடுப்புக் கடிதங்களைப் படித்துவிட்டு, கடல் வற்றுவதற்கெல்லாம் கல்வி இலாகாவில் விடுப்பு கிடையாது என்றார். பக்கிரிசாமி மாமாவோ கொண்டுவருகிறேன் என்பார், மறந்துவிடுவார். ஒருமுறை மறக்காமல் நிறையவே எடுத்து வைத்திருந்தார். ஆனால் ஐஸ் தீர்ந்துபோய்ச் செத்துவிடும் என்று பயந்து, வழியில் ஒரு கடையில் கொடுத்து அவித்து, மிளகாய்ச் சம்பலோடு கொண்டுவந்து வைத்தார். நல்ல ருசி, ரத்தக் கெராங்கைவிடக் கொஞ்சம் இனிப்பு என்று அவர் சொன்னபோது சிவகாமி எழுந்து அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே அவர் குரல் வந்தது.

“ஓட்ட வீசலமா. எல்லாத்தையும் பையிலதான் வச்சிருக்கேன். நான் தின்னது உள்ள உள்ளதத்தான லா.”

அவித்த ஓட்டில் முடி உரிந்துபோயிருந்தது. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையும் ஓர் அலமாரித் தட்டும் கேட்டு அவள் பலமுறை எழுதிக் கொடுத்தாள். பகுதிநேர மாணவர்களுக்கு மேசை கிடையாது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அதனால் ஓடுகள் வீட்டில்தான் இருந்தன. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மெல்லிய பேனாவால் எண் எழுதி, அதன்மேல் நகப்பூச்சு தடவி, பழைய பிஸ்கெட் டின்களில் பஞ்சு வைத்து அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். எவ்வளவு கழுவியும் ஈரக்காற்று அடித்தால் டின்னிலிருந்து கடல் நாறும். சாமி மேடை இருக்கிற வீடு என்று வள்ளியம்மா முணுமுணுப்பார். வெள்ளிக்கிழமை ஒரு சாம்பிராணியைக் கூடுதலாகப் போடுவார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை. மகளும் டின்னைத் திறந்து இது இன்னது என்று அம்மாவிடம் காட்டியதில்லை. கேட்டால் காட்டலாம் என்று இவள் இருந்தாள். காட்டினால் பார்க்கலாம் என்று அவர் இருந்திருக்க வேண்டும்.

எண்பத்து நான்காம் ஆண்டு தீபாவளிக்கு முன் டாக்டர் அடைக்கப்பன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இந்தக் குடும்பத்துச் சிப்பிகளையே வாழ்நாளெல்லாம் பார்த்த ஜப்பானிய நிபுணர் ஒருவர் தீபாவளி முடிந்த வாரம் வருகிறார், ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருக்கிறார் என்றார். அவர் தனி இனம் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வேட்டில் அது ஒரு முழு அத்தியாயமாகும். இல்லாவிட்டால் அது இல்லாமலேயே சமர்ப்பித்துவிட வேண்டும், பதிவுக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது, அடுத்த நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். அந்த அத்தியாயம் இல்லாமல் மீதி என்ன இருக்கிறது என்று அவரே சொன்னார்.

“மீதிய யாரு வேணும்னாலும் எழுதலாம் சிவகாமி. பாசாருக்குப் போயி என்னென்ன விக்கிறாங்கன்னு பார்த்துட்டு வந்த மாதிரி.”

தீபாவளிக்கு முதல்நாள் பள்ளியில் தேர்வுத்தாள்கள் இருந்தன. கிள்ளான் பேருந்து நிலையத்தில் ஊருக்குப் போகும் கூட்டம். அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே எண்ணெய்ப் பலகார வாசனை. கூடத்தில் தரை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. சாமி மேடையில் குத்துவிளக்கும் தாம்பாளமும் சொம்பும் மஞ்சளாகப் பளபளத்தன. ஒவ்வொரு தீபாவளிக்கும் பித்தளைச் சாமான்களை இரவே புளியில் ஊறவைத்து, மறுநாள் செங்கல்தூளும் தேங்காய்நாரும் போட்டுத் துலக்குவது வள்ளியம்மாவின் வழக்கம்.

கூடத்தின் கண்ணாடி அலமாரியில், தேநீர்க் கோப்பைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் கெராங் ஓடுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சின்னதிலிருந்து பெரியதுவரை. வெள்ளையாக, வழவழப்பாக, பீங்கான்போல.

சிவகாமி அலமாரியைத் திறந்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். நகப்பூச்சுக்கு அடியில் அவள் எழுதிய எண் அப்படியே இருந்தது. வெளிப்புறத்தில் முடி இல்லை. அடுத்ததை எடுத்தாள். ரத்தக் கெராங்கின் குஞ்சு. அதன் மணிகளைப் புளி தின்று, மீதியைச் செங்கல்தூள் தேய்த்திருந்தது. இரண்டு வரிசைகளும் இப்போது ஒரே மாதிரி இருந்தன. எந்த ஓடு எந்தப் பாத்தியில் எந்த நாளில் எடுத்தது என்பதெல்லாம் தெரிந்தது. எதைக் காட்டுவதற்காக எடுத்தாளோ அது மட்டும் இல்லை.

வள்ளியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார்.

“விளக்கு துலக்குறப்பவே இதையும் போட்டுட்டேன் பாப்பா. ஒரே அழுக்கு, முடிமுடியா ஒட்டிக்கிட்டு. எவ்வளவு தேச்சேன் தெரியுமா, கையெல்லாம் போச்சு. நாளைக்கு வர்றவங்கல்லாம் பாக்கட்டுமே, நீ என்ன படிக்கிறன்னு.”

சிவகாமி ஓட்டைத் திரும்ப வெல்வெட்டின்மேல் வைத்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அம்மா அவற்றை அளவு பார்த்து வரிசைப்படுத்தியிருந்தார். ஒன்றிரண்டைத் தவிர வரிசைகூடச் சரியாகவே இருந்தது.

“அந்த முடிதாம்மா வேணும். அதைக் காட்டத்தான் மூணு வருசம்.”

வள்ளியம்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கு என்ன தெரியும். நீ ஒருநாளாச்சும் சொன்னியா?”

சிவகாமி அலமாரிக் கதவைச் சாத்தினாள். இரவு உணவை இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தி, இருவரும் சாமி கும்பிட்டார்கள்.

விருந்தாளிகள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். பக்கிரிசாமி மாமா செமினியிலிருந்து வந்த தம் சம்பந்திக்கு விளக்கம் சொன்னார். “எம் மருமக கெராங்குல மாஸ்டர் பண்ணுது. எல்லாம் நம்ம லோரியில வந்த சாமான்.” சம்பந்தி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கும் மாஸ்டர் இருக்கிறதா, அப்படியென்றால் நெத்திலிக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். கூடமே சிரித்தது. சிவகாமி தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். இதுநாள்வரை அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டதுண்டு. அன்று சுடவில்லை, அதைவிட மோசமாக இருந்தது. சிரிக்கிறவர்களிடம், பொறுங்கள், அடுத்த வாரம் பாருங்கள் என்று மனதுக்குள்ளாவது சொல்லிக்கொள்ள இனி வழியில்லை.

நிபுணர் வந்த காலையில் அவள் டின்களைக் கொண்டுபோனாள். கொண்டுபோகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்து, அது இன்னும் கேவலம் என்று தோன்றியதால் கொண்டுபோனாள். ஒல்லியான பெரியவர், சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீலின் பற்களைப் பார்த்தார். வரிகளை விரலால் தடவினார். மிகச் சுத்தமாக இருக்கின்றனவே, யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் அம்மா என்றாள். தீபாவளி என்றாள். அதற்குமேல் அந்த ஆங்கிலத்தில் புளியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் வரைந்து வைத்திருந்த படங்களையும் அவர் பொறுமையாகப் பார்த்தார். வரிகளின் எண்ணிக்கை வித்தியாசமாகத்தான் இருக்கிறது, தனி இனமாக இருக்கக்கூடும், ஆனால் மேற்புறம் இல்லாமல் தாம் எதுவும் சொல்ல முடியாது, படம் என்பது வரைபவர் பார்த்ததுதானே என்றார். புதிதாகக் கிடைத்தால் எரிசாராயத்தில் போட்டு அனுப்பச் சொல்லித் தம் முகவரி அட்டையைக் கொடுத்தார். அவர் கைகழுவப் போன நேரத்தில் டாக்டர் அடைக்கப்பன் தமிழில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இதையெல்லாம் வீட்டுல வைக்கச் சொன்னது யாரு?”

“லேப்ல மேசை குடுத்திருந்தா வீட்டுல வச்சிருக்கமாட்டேன் சார். ஆறு தடவ எழுதிக் கேட்டேன்.”

அவள் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நிபுணரை மதிய உணவுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றார்.

பள்ளி விடுமுறை விட்டதும் பக்கிரிசாமி மாமாவின் லோரியில் கிள்ளான் படகுத்துறைக்குப் போனாள். மாமா வழக்கத்துக்கு மாறாகக் கேலி பேசாமல் வண்டி ஓட்டினார்; அக்காள் சொல்லியிருக்க வேண்டும். படகுக்காரர் ஒருவரைப் பிடித்து அந்தப் பாத்திக்கே கூட்டிப்போனார். நீர் வற்றியிருந்தது. பாத்தியின் முதலாளி எல்லைக் கழிக்குப் பக்கத்தில் நின்று, பெருமையாக மலாயில் சொன்னார். அந்த மாதம்தான் பாத்தியை முழுக்க வாரிச் சுத்தம் செய்தாராம், களைக்கெராங் ஒன்றுகூட இல்லாமல். பிறகு வடக்கேயிருந்து நல்ல ரத்தக் கெராங் குஞ்சுகளை வாங்கி வந்து விதைத்திருக்கிறாராம்.

சிவகாமி முழங்கால் சேற்றில் நின்று, தண்ணீர் ஏறும்வரை கம்பிக்கூடையால் அரித்தாள். எடுத்த ஒவ்வொன்றிலும் மணி மணியாகப் புடைப்புகள் இருந்தன. அழகான, சந்தேகத்துக்கு இடமில்லாத ரத்தக் கெராங் குஞ்சுகள்.

“இன்னொரு எடம் பாப்பம்மா,” என்றார் மாமா. “கடலு எங்க போயிடப்போவுது.”

பார்த்தார்கள். அந்த விடுமுறை முழுவதும் பார்த்தார்கள். ஒதுக்கல் கூடைகளில் முடிக்கெராங் வந்தது. ரத்தக் கெராங் வந்தது. நடுவிலுள்ளது வரவில்லை.

ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. பட்டமும் கிடைத்தது. முழு அத்தியாயமாக இருந்திருக்க வேண்டியது கடைசிப் பக்கங்களில் ஒரே வரியாக நின்றது: அனடாரா, இனம் உறுதி செய்யப்படவில்லை, மாதிரிகள் சேதமடைந்தவை. “சேதமடைந்தவை” என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் டாக்டர் அடைக்கப்பன். அவள் வேறு சொல் தேடிப் பார்த்தாள். ஆனால் அதைவிடச் சரியான சொல் அவளிடமும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு வள்ளியம்மா விளக்குகளைப் புளியில் போடுவதற்குமுன், ஓடுகள் மறுபடி வந்திருந்த கண்ணாடி அலமாரிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். சிவகாமி வாங்கிக்கொண்டாள். தீபாவளியன்று அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு அவள் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அம்மா பக்கத்துவீட்டு வீரம்மாவிடம் பேசுவது கேட்டது.

“கெராங்குதான். ஆனா நீ வாங்குற கெராங்கு இல்ல. நீ வாங்குறதுல மணிமணியா இருக்கும், போயிப் பாரு. இதுல கிடையாது. இதுக்குப் பள்ளத்துல மட்டும் முடி இருந்திச்சி. நாந்தான் தேச்சிப்புட்டேன்.”

“இதுக்குப் பேரு என்னக்கா?”

“இன்னும் வைக்கல. இன்னொன்னு கெடைக்கணும், முடியோட. எந் தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கு.”

சிவகாமி ஆற்றிய தேநீரைக் கோப்பைகளில் ஊற்றினாள். அம்மா சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை; தம்பியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வீரம்மா ஓர் ஓட்டைக் கையில் வைத்து, எந்தப் பக்கம் முடி இருந்தது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழவழவென்றுதான் இருந்தது.